போயா நாளில் தறித்த மாமரம்

குகதாசன் சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றதை அந்த ஒழுங்கையில் குடியிருந்த ஒருவரும் கண்டதில்லை. விவசாயப் போதனாசிரியர், ஐம்பத்து மூன்று வயது, கலியாணம் கட்டாதவர். வெங்காயத்துக்கு என்ன நோய், கத்தரிக்கு என்ன பூச்சி என்று கேட்டால் மணிக்கணக்காய்க் கதைப்பார். கடவுளைப் பற்றிக் கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிசன் சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கந்தோருக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு, அடுத்த வீட்டுப் பிரியந்தினியின் சாமியறையில் கால் மணித்தியாலம் வாய் திறந்தபடி நின்றார் என்றால், கோப்பாயில் எந்த ஒழுங்கைதான் சும்மா இருக்கும்?

அவர் மட்டும் நிற்கவில்லை. அரைவாசி ஒழுங்கை அங்கேதான் நின்றது. முருகன் படத்தின் கீழ்ச்சட்டத்திலிருந்து மெல்லிய தூள் கொட்டி, கீழே இருந்த வெற்றிலைத் தட்டில் கூம்பாய்க் குவிந்திருந்தது. இன்னும் கொட்டிக்கொண்டும் இருந்தது. யன்னலால் சாய்ந்து விழுந்த வெயிலுக்குள் அந்தத் தூள் இறங்கிய விதத்தைப் பார்த்தால், அதற்கு உலகத்தில் ஒரு அவசரமும் இல்லை என்று தெரிந்தது.

"திருநீறு," என்றாள் சின்னாச்சி, ஒழுங்கையின் ஆக மூத்த மனிசி. "முதல் கண்டது நான். அதை ஒருத்தரும் மறக்கக் கூடாது."

"கொஞ்சம் மஞ்சள் அடிக்குது," என்றாள் லூர்த்தம்மா. பிரியந்தினிக்கு மற்றப் பக்கத்து வீட்டுக்காரி. வேதக்காரி என்றபடியால் சாமியறைக்குள் காலை வைக்காமல் தலையை மட்டும் வைத்திருந்தாள்.

"சந்தனம் கலந்திருக்குது. உனக்கு உதெல்லாம் எங்கை விளங்கப்போகுது?"

"எனக்கென்ன. எங்கடை மாதா படம் இருபத்தெட்டு வருசமாச் சுவரிலை கிடக்குது. ஒரு பொட்டுத் தூசி கொட்டினதில்லை. நான்தான் ஏறித் துடைக்கிறனான்."

குகதாசனின் காதில் இது ஒன்றும் விழவில்லை. அவர் படத்தைப் பார்க்கவில்லை, படத்தின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் செய்து கொடுத்தவரே அவர்தான்.

அந்தக் கதை ஒழுங்கைக்கு நன்றாய்த் தெரியும். குகதாசனின் வளவில் ஒரு மாமரம் நின்றது. அதன் கொப்பு ஒன்று மதிலைத் தாண்டிப் பிரியந்தினியின் ஓட்டுக்கு மேல் சாய்ந்திருந்தது. "தாசண்ணை, உங்கடை மாமரத்தாலை எனக்கு விடிஞ்சால் பொழுதுபட்டால் கூட்டுறதுதான் வேலை," என்று அவள் ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள். ஒரே ஒரு நாள்தான். அடுத்த கிழமை மரத்தையே தறிக்க ஆள் வந்துவிட்டது. கொப்பைக் குறை சொன்னால் மரத்தை அடியோடு தறிக்கிற மனிசனுக்கு என்ன வருத்தம் என்று ஒழுங்கை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டது. பிரியந்தினியின் புருசன் நெஞ்சுவலியில் போய் அப்போது எட்டு வருடம் முடிந்திருந்தது. அவள் பெண்பிள்ளையாய்ப் பாவாடை கட்டித் திரிந்த காலத்திலிருந்தே குகதாசன் அந்த மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அன்றிலிருந்தே அவர் அவளுக்கு 'தாசண்ணை'தான். மதில் கூட இரண்டு தரம் இடித்துக் கட்டியாயிற்று. அந்த 'அண்ணை' மட்டும் அசையவில்லை.

தறிக்க வந்தவர் மரத்தைச் சுற்றி நடந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஐயா, நாளைக்கு நிறைஞ்ச நிலவு. நிறைஞ்ச நிலவிலை தறிச்ச மரம் வண்டரிச்சு உளுத்துப்போகும். தேய்பிறையிலை, அமாவாசை கிட்ட வாறனே?"

"எனக்கு லீவு நாளைக்குத்தான்," என்றார் குகதாசன்.

அவரும் பாவம். சனி, ஞாயிறில் வீட்டுத்தோட்டக் கூட்டம். மிஞ்சுவது போயா விடுமுறை ஒன்றுதான். பௌர்ணமிக்கு லீவு விடுகிற நாட்டில் ஒரு அரசாங்க உத்தியோகத்தர் எந்த நாளில் மரம் தறிப்பார்? வெசாக் பண்டிகையின் வெளிச்சக்கூடுகள் கொழும்பில் எரிந்த அன்று, கோப்பாயில் மாமரம் விழுந்தது. சுன்னாகத்து மரக்காலையில் அரிந்து வந்த பலகையில் வைரம் என்று சொல்ல ஒரு விரற்கடையும் இல்லை, முழுக்க வெள்ளை. கொட்டிலுக்குள் காயவிட்டார். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவில் பிரியந்தினி முருகன் படமொன்று வாங்கி வந்தாள். "சட்டம் நான் அடிச்சுத் தாறன்," என்று மதிலுக்கு மேலால் சொன்னவர், அதைச் சீவி, பொருத்தி, மூன்று பூச்சு வார்னிஷ் அடித்துக் கொடுக்க ஒரு மாதம் எடுத்தார். அவ்வளவு மினுக்கம் முருகனுக்காக இல்லை என்று முருகனுக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது அந்த மினுக்கத்தில் மூன்று குண்டூசித் துவாரங்கள். தூள் அவற்றிலிருந்துதான் வந்தது.

"இது..." என்று வாயெடுத்தார்.

அப்போது பிரியந்தினி, கிணற்றடியிலிருந்து ஈரத்தலையோடு வந்தாள். நாற்பத்தெட்டு வயது. முகத்தில் அன்றைக்கு ஒரு வெளிச்சம். "தாசண்ணை, நீங்களும் வந்திட்டீங்களே. குனியுங்கோ."

தட்டிலிருந்த தூளை மோதிர விரலால் தொட்டு அவருடைய நெற்றியில் இழுத்தாள். விரல் குளிர்ந்திருந்தது. புழு தின்று கழித்த மாமரம் அது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் குகதாசன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"வாயைத் திறவுங்கோ," என்று ஒரு சிட்டிகையை நாக்கிலும் போட்டாள்.

விழுங்கிவிட்டார்.

படலையடியில் லூர்த்தம்மா அவரை மறித்தாள். "தம்பி, உமக்கு விசயம் தெரியாதே? மகள் ஆரணி கனடாவுக்குக் கூப்பிடுறாள். பத்திரமெல்லாம் வந்து கிடக்குது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இவளுக்குப் போகவும் மனமில்லை, மாட்டன் எண்டு சொல்லவும் வாய் வரேல்லை. இந்த மாதக் கார்த்திகை விரதத்தண்டு முருகனிட்டைக் கேட்டிருக்கிறாள்: மூண்டு நாளுக்குள்ளை ஏதும் காட்டு, காட்டினால் இஞ்சையே இருக்கிறன், இல்லாட்டிக் கையெழுத்துப் போடுறன் எண்டு. இண்டைக்கு மூண்டாம் நாள்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அவள் முருகனோடை கதைக்கேக்குள்ளை நான் மதிலுக்கு இந்தப் பக்கம் முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டு நிண்டனான்."

குகதாசன் மோட்டார் சைக்கிளை உதைத்தார். மூன்றாவது உதையில்தான் அது கிளம்பியது. சட்டைப்பைக்குள் கைவிட்டு, வாயைத் துடைக்க எடுத்த லேஞ்சியைத் திரும்பவும் வைத்துக்கொண்டார். விசயம் வெயில்போலத் தெளிவாய் இருந்தது. வாயைத் திறந்தால் பிரியந்தினி கனடாவில். மூடிக்கொண்டிருந்தால் மதிலுக்கு அந்தப் பக்கத்தில்.

மூடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் காலையில் போய்க் குனிந்தார். கந்தோரில் நெற்றியைப் பார்த்துப் பகிடி பண்ணினார்கள்; சிரித்துச் சமாளித்தார். சின்னாச்சி தூளை வெறும் வயிற்றில் நாக்கில் போட்டு, தனக்குச் சீனி வருத்தம் குறைந்துவிட்டதாக ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். லூர்த்தம்மா கூட ஒருவரும் பார்க்காத நேரம் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனாள். முழங்கால் வலிக்கு எந்தச் சமயமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோப்பாய் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற நேரம். காகம் கூடக் கரையாது. குகதாசன் சாய்மனைக் கதிரையில் கால் நீட்டிக் கிடந்தார். கண் மூடியிருந்தது, ஆனால் நித்திரை இல்லை. நித்திரைக்கும் முழிப்புக்கும் நடுவில் இருக்கிற அந்த மெல்லிய பலகைக்குள் ஊர்ந்துகொண்டிருந்தார்.

போன வைகாசி, பொழுது படுகிற நேரம், கொட்டிலுக்குள் ஒரு வண்டு வருகிறது. அரிசியில் பாதி. கபில நிறம். பெண். ஈரம் காயாத மாம்பலகையில் வாயை வைத்து ஒரு கடி கடிக்கிறது. அது பசியில்லை, ருசி பார்த்தல். மரத்தில் மாப்பொருள் கிடக்கிறதா, பிள்ளைக்குக் காணுமா என்று பார்க்கிறது. கிடக்கிறது. நிலவு நிறைந்த நாளில் விழுந்த மரம், அதற்குள் சோறு நிறையவே கிடக்கிறது. மரத்தின் கண்ணுக்குத் தெரியாத குழாய்த் துளைக்குள், ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி, ஒரு நீட்டு முட்டையை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அது பிள்ளையை ஒருநாளும் பார்க்காது.

பத்துப் பன்னிரண்டு நாளில் புழு. வெள்ளை, வளைந்தது, நகத்துண்டு போல. அதற்குக் கண் இல்லை, இருட்டில் எதற்கு? தண்ணீர் குடிக்காது. மரத்தின் போக்கோடு தின்றுகொண்டே போகும். தின்றதைக் கழித்துப் பின்னால் அடைத்துக்கொண்டு போகும். திரும்பிப் போக வழி இல்லை, வந்த வழியெல்லாம் மா. மேலே உளி பட்டது, அதற்குத் தெரியாது. ஆணி இறங்கியது, தெரியாது. வார்னிஷ், கண்ணாடி, முருகன், ஒன்றும் தெரியாது. ஆனால் மரம் அதிரும். விடியற்காலையில் ஒரு மணிச்சத்தம். பிறகு ஒரு பெண்குரல். தேவாரத்தின் இரண்டாவது வரியில் அந்தக் குரல் எப்போதும் கொஞ்சம் உடையும். புழு நின்று கேட்கிறது. பிறகு அந்தப் பக்கமாய்த் தின்னத் தொடங்குகிறது. ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை. அவசரமில்லை. ஆவணி போகிறது, மார்கழி போகிறது, தலை நரைக்கிறது...

புழுவுக்கு எங்கே தலை நரைக்கிறது என்று திடுக்கிட்டு முழித்தார். கன்னத்தில் கதிரைப் பிரம்பின் கட்டம் பதிந்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பிரியந்தினி பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவர் எழும்பவில்லை, கேட்டுக்கொண்டு கிடந்தார். முப்பது வருடமாய்ச் சத்தம் போடாமல் ஒரு பக்கமாகவே நகருகிற உயிரைப் பற்றி அவருக்கு ஆரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் எல்லாம் குழம்பியது. பின்னேரப் பூசை முடிந்து சனம் கடலையோடு கலைந்துவிட்டது. குகதாசன் மட்டும், வழக்கம்போல, செருப்பைத் தேடுகிற சாட்டில் நின்றார். பிரியந்தினி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். மைம்மல் பொழுது. குத்துவிளக்கு அடங்கி எரிந்தது.

முருகனின் வேலுக்குக் கீழே, நாலாவது துவாரம் ஒன்று மெல்ல இருண்டது. பிறகு ஒரு தலை. பிறகு முழு வண்டு. கண்ணாடியில் ஏறி, மயிலின் கழுத்தால் நடந்து, முருகனின் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் நின்றது. பதினொரு மாத இருட்டுக்குப் பிறகு அதற்குக் கிடைத்த முதல் வெளிச்சம். குகதாசன் மூச்சு விடாமல் பார்த்தார். அது இறகை விரித்துப் பறந்து, நடு அறையைத் தாண்டி, திறந்து கிடந்த ஆரணியின் அறைக்குள் போனது.

ஆரணியின் அறையில் அவளுடைய கலியாணத்துக்கு வாங்கின றப்பர் மரக் கட்டிலும் அலுமாரியும் இருந்தன. பிரியந்தினி வெள்ளிக்கு வெள்ளி துடைத்து, சீலையால் மூடி வைக்கிற கட்டில். பிள்ளை பேரனோடு வந்தால் படுக்க. றப்பர் மரத்தில் மாமரத்தை விட மாப்பொருள் கூட. அந்த வண்டு ஒரு கடி கடித்து ருசி பார்த்தால், அடுத்த வருடம் கட்டில் வெளியே மினுங்கிக்கொண்டு நிற்கும், உள்ளே மா. தொட்டால் விரல் போகும்.

வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. விளக்கடியில் கிடந்த நெருப்புப்பெட்டியை எடுத்துக் குச்சிகளைத் தட்டில் கொட்டிவிட்டு, வண்டுக்குப் பின்னால் ஓடினார்.

"தாசண்ணை, கட்டிலுக்குக் கீழை என்ன தேடுறியள்?"

பிரியந்தினி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றாள். விவசாயப் போதனாசிரியரின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"பிடிச்சிட்டன்," என்று கீழேயிருந்து குரல் வந்தது. ஊர்ந்து வெளியே வந்தவரின் நெற்றியில் தூளும் நூலாம்படையும். நிலத்தில் இருந்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வண்டு, முட்டை, புழு, மா. சொல்லிக்கொண்டு போகிறபோது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. சாவிக்கொத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியை நெருப்புப்பெட்டிக்கு மேல் பிடித்தார். பிறகு போய்ப் படத்தைக் கழற்றி வந்து, சட்டத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினார். வார்னிஷ் முட்டைக்கோது மாதிரி நொறுங்கியது. மாவுக்குள் ஒரு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது.

பிரியந்தினி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரே நிலத்தில் இருந்தாள். பூதக்கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"கண் இல்லை," என்றாள்.

"ஓம்."

"இதின்ரை பீயையோ நாங்கள் பூசினது?"

"...ஓம்."

"நீங்கள் தெரிஞ்சுகொண்டே குனிஞ்சு நிண்டனீங்கள். விழுங்கினனீங்கள்."

குகதாசன் புழுவைப் பார்த்தார்.

"எப்ப முட்டை போட்டது எண்டு சொன்னனீங்கள்?"

"போன வைகாசி. பலகை காய விட்ட நேரம்."

"நான் கேட்டது இந்தச் சித்திரை."

"அதைத்தான் சொல்லுறன். நீங்கள் கேட்டதுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கேக்காட்டியும் கொட்டியிருக்கும். இதை நம்பி நீங்கள் கனடாப் பயணத்தை..."

பிரியந்தினி விரல் மடித்து எண்ணினாள். "பதினொரு மாசம். நான் கேக்கிறதுக்குப் பதினொரு மாசத்துக்கு முன்னமே மறுமொழி போட்டாச்சு. தபால்தான் மெதுவா வந்திருக்குது."

"முருகன் போடேல்லை. வண்டு போட்டது."

"வண்டு ஏன் போட்டது?"

"மரத்திலை மாப்பொருள் இருந்தது."

"ஏன் இருந்தது?"

"நிறைஞ்ச நிலவிலை தறிச்சபடியால் எண்டு ஆக்கள் சொல்லுவினம். அது இன்னும் சரியா நிரூபிக்கப்படேல்லை."

"அண்டைக்கு ஏன் தறிச்சனீங்கள்?"

"லீவு."

"நாளைக் கேக்கேல்லை. மரத்தை ஏன் தறிச்சனீங்கள்?"

வெளியே மைம்மல் கறுத்துவிட்டது. எங்கோ ஒரு கிணற்றுத் துலா கிறீச்சிட்டது.

"இலை விழுகுது எண்டு நீங்கள் சொன்னனீங்கள்," என்றார் குகதாசன்.

"ஒரு நாள் சொன்னனான். பகிடிக்கு."

"ஓம். ஒரு நாள்."

அவள் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. உடைந்த சட்டத்திலிருந்து படத்தையும் கண்ணாடியையும் பிரித்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாலு கட்டையையும் அவர் பக்கம் தள்ளினாள். "உதைக் கொண்டுபோய் எரியுங்கோ. கட்டிலுக்கு ஏதும் மருந்து இருந்தால் நாளைக்குப் பூசி விடுங்கோ. பிறகு இதுக்கு வேறை சட்டம் அடிச்சுத் தாங்கோ. அமாவாசை கிட்டத் தறிச்ச மரமாப் பாத்து."

"மரம் தறிச்சு, தண்ணியிலை ஊறப்போட்டு, நிழலிலை காயவைச்சு எடுக்க ஒரு வருசம் செல்லும்."

"செல்லட்டும்," என்றாள். "நான் எங்கை போறன்?"

நாலு கட்டையையும் கட்டிப்பிடித்துக்கொண்டு தன் படலையடிக்கு வந்த பிறகுதான் குகதாசனுக்கு ஒன்று உறைத்தது: கட்டிலடிக்கு வந்து கேட்டதற்குப் பிறகு, அவ்வளவு கதையிலும், அவள் ஒரு தரமாவது 'அண்ணை' என்று சொல்லவில்லை. லூர்த்தம்மாவுக்கு இது முன்னரே உறைத்துவிட்டது. ஆரணியின் அறை யன்னலுக்கு நேரே, மதிலுக்கு அந்தப் பக்கம், அவள் முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டு நின்றாள். அந்த முருங்கை பட்டுப்போய் இரண்டு வருடம்.

அடுத்த நாள் காலை கனடாவுக்குத் தொலைபேசி போனது. "பிள்ளை, ஒரு வருசம் பொறு. சட்டமொண்டு கிடக்குது, அது முடியவேணும்," என்று பிரியந்தினி சொன்னாள். "என்ன சட்டமம்மா? அங்கையோ, இஞ்சையோ? நான் லோயரிட்டைக் கேக்கட்டோ?" என்று ஆரணி பதறினாள். லோயரிட்டைக் கேட்கிற சட்டமில்லை என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் எடுத்தது.

முருகன் கொட்டுவதை நிற்பாட்டிவிட்டார் என்பதோடு ஒழுங்கை அடங்கிவிட்டது. சின்னாச்சிக்குச் சீனி திரும்பவும் ஏறிவிட்டது. குகதாசனின் வளவில் அடுத்த அமாவாசைக்கு முதல் நாள், லீவு போட்டு, ஒரு வேம்பு தறித்தார்கள். அவர் சிகரெட் பிடிக்காத மனிசன். ஆனால் அவருடைய சட்டைப்பையில் இப்போதெல்லாம் ஒரு நெருப்புப்பெட்டி இருக்கிறது. மத்தியானத்தில் கதிரையில் கிடக்கும்போது அதை எடுத்துக் காதடியில் மெல்லக் குலுக்கிப் பார்க்கிறார். உள்ளே என்ன என்று லூர்த்தம்மா இன்னும் பார்க்கவில்லை.

பார்ப்பாள்.